நீளாத கை



ஆராதனையின் முடிவில் ஆசீர்வாதம் கூறுவதற்காக நான் கைகளை உயர்த்தும்போது, இடக்கை வலக்கைக்குச் சரியாக நீள்வதில்லை என்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஒரு கை கூரையை நோக்க, மற்றது பாதி வழியில் மடங்கிப் பாடகர் குழுவை நோக்கி நிற்பது யார் கண்ணுக்கும் தப்பாது. இத்தனை ஆண்டுகளில் பெரியவர்கள் எவரும் காரணம் கேட்டதில்லை. அது உங்கள் நாகரிகம். சென்ற ஞாயிறன்று ஓய்வுநாள் பள்ளியிலிருந்து வந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் கேட்டுவிட்டான்.

அவன் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை மூட்டு விலகி, மூன்று வாரம் மாவுக்கட்டோடு இருந்தவன் அவன். முந்திய நாள்தான் கட்டைப் பிரித்திருந்தார்கள். கழுத்திலிருந்து தொங்கிய துணியில் கையைத் தாங்கியபடி என்முன் வந்து நின்று, "ஐயா, என் கையும் உங்க கை மாதிரி ஆயிடுமா?" என்றான். ஆகாது என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. "நாளைக் காலையிலேயிருந்து ஆச்சி எண்ணெய் போட்டு இழுத்து நீவிவிடப் போறாங்க" என்று அடுத்த செய்தியையும் சொன்னான்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். அங்கே நடந்ததைப் பின்னர் எழுதுகிறேன். முதலில் என் கையின் கதையைச் சொல்லிவிட வேண்டும். முன்பு ஊழியம் செய்த இடங்களில் கேட்ட சிலருக்கு, "சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்தேன்" என்று மட்டும் கூறியிருக்கிறேன். அது பொய்யன்று, ஆனால் பாதி உண்மை.

மரம் நாவல்மரம். ஆண்டு 1981, எனக்குப் பதினொரு வயது. திருநெல்வேலிச் சீமையில் பனங்காடு சூழ்ந்த ஒரு சிற்றூர். நாவற்கிளை எளிதில் முறியும் என்று அறிந்திருந்தும் நுனிவரை ஏறினேன். விழும்போது இடக்கையை ஊன்றினேன். மூட்டு பின்னோக்கி விலகிவிட்டது. பக்கத்து நகரத்தில் மருத்துவர் ஒருவர் மூட்டைச் சரியாகப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டார். மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது கை மடங்கிய நிலையிலேயே நின்றது. முழங்கை அடிபட்டால் இது இயல்பு. பிள்ளை தானாக அசைத்து அசைத்து, பெரும்பாலும் சில மாதங்களில் நீட்டிவிடுவான். இன்று அது எனக்குத் தெரியும். அன்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் வேறொன்று தெரிந்திருந்தது: கட்டுப் பிரித்த கையை எண்ணெய் போட்டு உருவி இழுக்காவிட்டால் அது கோணலாகவே நின்றுவிடும்.

அம்மா விளக்கெண்ணெயைச் சூடாக்குவார். அக்காள் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். நான் கதறுவேன். அம்மாவும் அழுதுகொண்டேதான் இழுப்பார். "இன்னிக்கு வலிச்சாத்தான் நாளைக்கு நீளும், பொறுத்துக்க ராசா" என்பார். காலையில் ஒருமுறை, மாலையில் குடும்ப ஜெபத்துக்கு முன் ஒருமுறை. நாட்கள் செல்லச் செல்லக் கை இறுகியது. இறுக இறுக அவர் கூடுதல் வலுவோடு இழுத்தார். முழங்கை மடிப்புக்கு மேலே, முன்புறத்தில், சூடான கெட்டியான ஒரு வீக்கம் தோன்றியது. அதையும் கரைப்பதற்கு அதே எண்ணெய்தான். இப்படி ஆறு வாரம் நடந்தது.

மீண்டும் அந்த மருத்துவரிடம் சென்றபோது எக்ஸ்ரே எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துக் காட்டினார். முழங்கையின் முன்னே, தசை மட்டுமே இருக்கவேண்டிய இடத்தில், ஒரு வெள்ளை மேகம் தெரிந்தது. "உருவிவிட்டீங்களா அம்மா?" என்று கேட்டார். கடிந்துகொள்ளவில்லை. "இனிமே யாரும் அதைத் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னார். அம்மா தம் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார். எண்ணெய் மணம் போகாத கைகள். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த வெள்ளை மேகம் எலும்பு. தசைக்குள் எலும்பு. மயோசைட்டிஸ் ஆசிபிகன்ஸ் என்று அதற்குப் பெயர். பல ஆண்டுகள் கழித்து, எலும்பு மருத்துவராகிய ஒரு நண்பரிடம் அமர்ந்து இதைப்பற்றி விசாரித்தேன். பின்னர் நானும் வாசித்தேன். பள்ளியில் வேதியியலில் தடுமாறியவன் நான். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். சபையிலுள்ள மருத்துவர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

என்னை முதலில் வியப்பில் ஆழ்த்தியது எலும்பு உருவானதன்று. மற்ற இடங்களில் அது உருவாகாமல் இருப்பதே. நம் ஊரில் உப்புத்தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். நம் உடல்நீரிலும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்திருக்கின்றன. அவை படிகமாக இறுகத் தேவையான அளவைக் காட்டிலும் கூடுதலாகவே இருக்கின்றன. வேதியியலின் கணக்கை மட்டும் பார்த்தால் நம் தசைகளிலும் நரம்புகளிலும் இரத்தக் குழாய்களிலும் சுண்ணாம்பு படிந்துகொண்டே இருக்கவேண்டும். படியாமல் காப்பவற்றுள் ஒன்று பைரோபாஸ்பேட் என்னும் சிறு பொருள். இரண்டு பாஸ்பேட்டுகள் கைகோத்த மூலக்கூறு அது. படிகம் தோன்றத் தொடங்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அது மேலும் வளராமல் தடுத்துவிடும். ஹெர்பர்ட் பிளைஷ் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் 1960களில் இதைக் கண்டறிந்தார். இதே வகைப் பாஸ்பேட்டுகளைத்தான் தண்ணீர்க் குழாய்களில் படிவு கட்டாமலிருக்கத் தொழிற்சாலைகள் பயன்படுத்தி வந்தன.

அப்படியானால் எலும்பில் மட்டும் எவ்வாறு இறுகுகிறது? எலும்பை உருவாக்கும் அணுக்கள் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியைத் தம் மேற்புறத்தில் தாங்கியிருக்கின்றன. அந்த நொதி பைரோபாஸ்பேட்டை இரண்டாக வெட்டுகிறது. காவலாளி வீழ்கிறான், வீழ்ந்த காவலாளியே இரண்டு பாஸ்பேட்டுகளாகி, கட்டடத்துக்குச் செங்கல்லும் ஆகிவிடுகிறான். கொலாஜன் என்னும் புரத நார்களின் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் ஹைட்ராக்சி அபடைட் படிகங்களாகப் பதிகின்றன. அதுவே எலும்பு. நம் மாம்சம் மென்மையாக இருப்பது தானாக அமைந்த நிலையன்று. நாம் உறங்கும்போதும் யாரோ விழித்துக் காத்துக்கொண்டிருக்கும் நிலை. இதை வாசித்த இரவில் வெகுநேரம் நான் உறங்கவில்லை.

காவலாளியை நீக்கும்படி தசைக்குள் கட்டளையிடுவது யார்? இதற்கு விடை காணும் வழியைத் திறந்தவர் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட். எலும்பை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்து முழுவதையும் நீக்கி, எஞ்சிய மெல்லிய பகுதியை முயல் போன்ற விலங்குகளின் தசைக்குள் அவர் வைத்தார். சில வாரங்களில் அந்தத் தசைக்குள் புதிய எலும்பு உண்டாயிற்று. 1965இல் இதை வெளியிட்டார். உயிரற்ற எலும்பின் எச்சத்துக்குள் ஏதோ ஒன்று மறைந்திருந்து, பக்கத்திலிருக்கும் உயிருள்ள அணுக்களை எலும்பாகும்படி அழைக்கிறது என்று உணர்ந்தார். அது ஒரு புரதம் என்பது பின்னர்த் தெளிந்தது; எலும்புருவாக்கப் புரதம் என்று தமிழில் சொல்லலாம். உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கை எசேக்கியேலில் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அங்கே எலும்பின்மேல் மாம்சம் வருகிறது. இங்கே எலும்பின் எச்சம் மாம்சத்தை எலும்பாக்குகிறது. ஒன்றை மற்றதற்குச் சான்றாக நான் காட்டவில்லை. நினைவுக்கு வந்ததைச் சொல்கிறேன்.

என் முழங்கையில் நடந்தது இதுதான். மூட்டு விலகியபோது, எலும்பை ஒட்டிக் கிடக்கும் பிரேக்கியாலிஸ் என்னும் தசை கிழிந்து இரத்தம் கட்டியது. காயம் பட்ட இடத்தில் அழற்சி உண்டாகி, ஆற்றும் பணிக்கு அணுக்கள் திரண்டன. அவற்றோடு எலும்பாக்கும் செய்தியும் வெளிப்பட்டது. தசைநார்களுக்கு இடையே இன்னும் எதுவாகவும் ஆகாமல் காத்திருக்கும் இளம் அணுக்கள் சில உண்டு. அவை அந்தச் செய்தியைக் கேட்டு முதலில் குருத்தெலும்பாயின. பின்பு இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைய, குருத்தெலும்பு எலும்பாயிற்று. கருவறையில் குழந்தையின் கை கால்கள் உருவாகும் அதே வரிசை. முறிந்த எலும்பு கூடும்போதும் இதுவே நடக்கிறது. அந்நியமான எதுவும் என் கைக்குள் வரவில்லை. ஆற்றும் வேலைதான் தவறான இடத்தில் நடந்தது. தானாக அடங்கியிருக்கக்கூடிய அந்த அழற்சியை, நாளுக்கு இருமுறை தசையைப் புதிதாகக் கிழித்து நாங்கள் எழுப்பிக்கொண்டே இருந்தோம். முதல் சில வாரங்கள் எக்ஸ்ரேயிலும் இது தெரியாது. மூன்று நான்கு வாரங்களுக்குப் பின்னரே மேகம் போலத் தோன்றும்.

முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், தலைக்காயம் அடைந்தவர்கள், பெரிய தீக்காயம் பட்டவர்கள், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் ஆகியோருக்கும் இவ்வாறு எலும்பு வளர்வதுண்டு. இடுப்பு அறுவைக்குப் பின் இண்டோமெதசின் என்னும் அழற்சி தணிக்கும் மாத்திரையாலோ, ஒரேமுறை செலுத்தும் சிறிதளவு கதிரியக்கத்தாலோ இதைப் பெரும்பாலும் தடுக்கிறார்கள்.

தண்டனை போன்ற நோயும் ஒன்று உண்டு. தண்டனை என்னும் சொல்லை யாரும் அதன்மேல் வைக்கக்கூடாது என்பதற்காகவே இங்கே குறிப்பிடுகிறேன். பைப்ரோடிஸ்பிளேசியா ஆசிபிகன்ஸ் புரோகிரசிவா என்பது அதன் நீண்ட பெயர். பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வருவது. பிறக்கும்போது கால் பெருவிரல்கள் குட்டையாகவும் உட்புறம் திரும்பியும் இருக்கும். வேறு குறை தெரியாது. பின்பு ஒரு சிறு அடி, ஓர் ஊசி, சில சமயம் காரணமே இன்றியும், தசை வீங்கி எலும்பாகும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தைச் சேர்ந்த ஹாரி ஈஸ்ட்லாக் 1933இல் பிறந்தவர். சிறுவயதில் சகோதரியோடு விளையாடும்போது கால் முறிந்தது. அதன்பின் உடலெங்கும் எலும்பு பரவத் தொடங்கியது. மருத்துவர்கள் அறுத்து அகற்றிய இடத்தில் முன்னிலும் தடித்து வளர்ந்தது. 1973இல், நாற்பது வயது நிறைவதற்குச் சில நாட்களுக்கு முன், நிமோனியாவால் இறந்தபோது அவரால் உதடுகளை மட்டுமே அசைக்க முடிந்தது. பிறருக்கு உதவட்டும் என்று தம் உடலைக் கொடுத்தார். அந்நகரத்து மூட்டர் அருங்காட்சியகத்தில் அவருடைய எலும்புக்கூடு, பிற எலும்புக்கூடுகளுக்குத் தேவைப்படும் கம்பிப் பிணைப்புகள் அநேகமாக இல்லாமலேயே, ஒன்றாகப் பிணைந்து நிற்கிறது. அதே நோயோடு வாழ்ந்த கரோல் ஓர்செல் என்னும் பெண்மணி 2018இல் இறந்தார். தம்மையும் அவரருகே வைக்கும்படி விரும்பினார். தம் நகைகளையும் கூடவே வைக்கவேண்டும் என்றார். 2019இல் அவ்வாறே வைத்தனர். பலரை அடக்கம் செய்தவன் என்ற முறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் எலும்புகளை நிறுத்துவது எனக்கு முதலில் உறுத்தியது. நகைகளைப் பற்றி வாசித்தபின் அந்த உறுத்தல் போய்விட்டது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஐலீன் ஷோர், பிரெடரிக் கேப்லன் இருவரும் தம் குழுவினரோடு 2006இல் இதன் காரணத்தைக் கண்டனர். ஏசிவிஆர்1 என்னும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் அணுவின் வாசலில் எலும்புச் செய்தியைக் கேட்கும் புரதத்தில், 206ஆம் இடத்தில், ஒரு அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேறொன்று அமர்ந்துவிட்டது. விளைவு விசித்திரமானது. ஆக்டிவின் ஏ என்று ஒரு புரதம் உண்டு, அழற்சியின்போது மிகுவது. நம்மில் அது இந்த வாசலில் வந்து நின்றால் எலும்பு எழும்பாது. இந்நோயாளிகளின் அணுக்களோ, அதை எலும்பாகும்படி அழைக்கும் குரலாகக் கேட்டுவிடுகின்றன. இது 2015இல் வெளியாயிற்று. புதிதாக உருவாகும் எலும்பைக் குறைக்கும் பாலோவரோடீன் என்னும் மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உருவாகிவிட்டதை அது கரைப்பதில்லை. இன்னொன்றும் வாசித்தேன்: உடல் முழுவதும் இறுகினாலும், நாவும், கண்களை அசைக்கும் தசைகளும், மூச்சுக்குரிய உதரவிதானமும், இருதயமும் இந்நோயில் எலும்பாவதில்லை. இதன்மேல் ஒரு பிரசங்கம் கட்டிவிட என் கை துறுதுறுத்தது. கட்டவில்லை. படுக்கையில் கிடப்பவருக்கு அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

ஆனால் பழைய பிரசங்கம் ஒன்றை நான் திருத்திக்கொண்டேன். கல்லான இருதயத்தை எடுத்துவிட்டு மாம்சமான இருதயத்தைத் தருவதாகத் தேவன் எசேக்கியேல் மூலம் வாக்களித்ததைப் பிரசங்கிக்கும்போதெல்லாம், கல்நெஞ்சம் என்பது அன்பற்றவர்களுக்கும் துன்மார்க்கருக்கும் உரியது என்றே பேசி வந்தேன். காயம் பட்ட மாம்சமும் கடினப்படும், ஆறுவதற்கு முயன்றே கடினப்படும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் பேசாமல் இறுகிப் போன ஒரு மகனைப்பற்றி, ஒரு மருமகளைப்பற்றி என்னிடம் வந்து, இன்னும் எப்படி அழுத்திச் சொல்வது என்று கேட்டவர்களுக்கு, அழுத்தமாகவே சொல்லுங்கள் என்று நான் ஆலோசனை கொடுத்ததுண்டு. சிலர் இதை வாசிப்பார்கள். அவர்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன்.

இனி அம்மா. 2014ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவர் படுக்கையில் விழுந்தார். கடைசி வாரத்தில் ஓர் இரவு நான் அருகே அமர்ந்திருந்தபோது என் இடக்கையைத் தேடிப் பிடித்தார். முழங்கை மடிப்பில், அந்தப் பழைய மேட்டின்மேல், கட்டைவிரலை வைத்தார். முப்பத்துமூன்று ஆண்டுகளாக அவர் அந்த இடத்தைத் தொட்டதில்லை. "என் கையாலேயே உன் கையைக் கெடுத்துட்டேனே, மன்னிச்சிரு ராசா" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, தூங்குங்க" என்றேன். பின்னர் ஜெபித்தேன், நீளமாகவும் நன்றாகவும் ஜெபித்தேன். அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

அவர் கேட்டது மன்னிப்பு. நான் கொடுத்தது ஆறுதல். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் செமினரியில் கற்று, சபைக்குக் கற்பித்தும் வந்தவன் நான். ஒன்றுமில்லை என்று சொன்னால், அவர் அத்தனை ஆண்டுகள் சுமந்தது வீண் சுமை என்றல்லவா ஆகிறது? ஆம் அம்மா, கெட்டது. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல நா எழவில்லை. அதைச் சொன்னால் அவர் நோவார் என்று எண்ணினேன்.

அவர் அடக்கத்துக்குப் பின்னரே அந்த எலும்பு மருத்துவ நண்பரிடம் சென்றேன். அவர் இன்னொன்றும் சொன்னார்: மூட்டு விலகிய முழங்கையில், யாரும் தொடாமலிருந்தாலும் எலும்பு வளர்வதுண்டு; உருவி இழுப்பது அந்த ஆபத்தை வெகுவாகக் கூட்டுகிறது, ஆனால் என் கையில் எவ்வளவு எதனால் வந்தது என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. இதை முன்பே கேட்டறிந்து அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். முப்பது ஆண்டுகள் கையில் இருந்தன. நான் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்பதை இப்போதும் ஜெபத்தில் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். ஒருவேளை, யாரோ ஒருவர்மேல் அந்தக் குற்றம் இருப்பது எனக்கு வசதியாயிருந்திருக்கலாம்.

சென்ற ஞாயிறு மாலைக்கு வருகிறேன். சிறுவனின் வீட்டுத் திண்ணையில் அவன் ஆச்சி அமர்ந்திருந்தார். உள்ளே, மறுநாளுக்காக ஒரு கிண்ணத்தில் எண்ணெய் தயாராயிருந்தது. நான் சட்டைக் கையை மடித்து, என் முழங்கையை அவர்முன் நீட்டினேன், நீளும் அளவுக்கு. மேட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "எலும்பா ஐயா?" என்றார். "எலும்புதான், ஆச்சி" என்றேன். அம்மாவின் கதையைச் சொன்னேன். பையனின் கையை யாரும் இழுக்கவேண்டாம். வலி தொடங்கும் எல்லைவரை அவனே மடக்கட்டும், அவனே நீட்டட்டும். மருத்துவமனையில் பிசியோதெரபி செய்பவரிடம் வாரந்தோறும் காட்டுங்கள். வீக்கமும் சூடும் கண்டால் உடனே அழைத்துச் செல்லுங்கள் என்றேன். சூம்பின கையையுடைய மனுஷனின் கதையை நினைத்துக்கொண்டேன். ஆண்டவர் அந்தக் கையைப் பிடித்து இழுத்ததாக நற்செய்தியாளர் எவரும் எழுதவில்லை. நீட்டும்படி சொன்னார்; அவனே நீட்டினான். அந்தப் பகுதியைப் பிரசங்கிக்க எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. அடுத்த மாதம் பிரசங்கிப்பேன் என்று நினைக்கிறேன்.

ஆச்சி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "அப்ப நான் அவனுக்கு ஒண்ணுமே செய்யக்கூடாதா ஐயா?" என்று கேட்டார். அவர் முகத்தில் என் அம்மாவைக் கண்டேன். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பையன்தான் எழுந்து உள்ளே போய், நல்ல கையால் அந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, ஆச்சியின் காலடியில் முதுகு காட்டி உட்கார்ந்து, தலையைக் குனிந்தான். அவர் விரலை எண்ணெயில் நனைத்து அவன் உச்சந்தலையில் வைத்தார்.